ஒரு நிமிடத்தின் சரிவு

"இன்னும் அஞ்சு நிமிஷம் முன்னாடி ஆம்புலன்ஸ் வந்திருந்தா ஆளைக் காப்பாத்தியிருக்கலாங்க." துக்க வீடுகளில் இதைக் கேட்காதவர்கள் குறைவு. சொல்பவருக்கு அது ஆற்றாமை. கேட்பவர் மறுத்துப் பேச மனமின்றித் தலையாட்டுவார். ஆனால் அந்த ஆற்றாமைக்குள் நல்லதொரு அறிவியல் கேள்வி இருக்கிறது. ஐந்து நிமிடம் முன்னால் வந்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா? பிழைக்கும் வாய்ப்பு எவ்வளவு கூடியிருக்கும்? நிமிடத்துக்கு இவ்வளவு என்று எண்ணாகச் சொல்ல முடியுமா?

ஒரு குறிப்பிட்ட வகை நோயாளிகளைப் பொறுத்தவரை சொல்ல முடியும். 1993லேயே சொல்லியும் இருக்கிறார்கள். அந்த எண் எப்படிக் கிடைத்தது, அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை அடி அண்ணாமலையில் நின்று பார்ப்போம்.

மலைக்குப் பின்புறம்

திருவண்ணாமலையில் மலையைச் சுற்றி வரும் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பெரிய கோயில் மலைக்குக் கிழக்கே இருக்கிறது. அடி அண்ணாமலை அதற்கு எதிர்ப்புறம், மேற்கே. நடுவில் மலை நிற்பதால் குறுக்கே போக வழியில்லை. எந்தப் பக்கமாகச் சுற்றினாலும் ஏறக்குறைய அரைவட்டம். சாதாரண நாளில் வண்டிக்கு அது பெரிய தூரமில்லை. கார்த்திகை தீபத்தன்றும் சித்ரா பௌர்ணமியன்றும் நிலைமை வேறு. லட்சக்கணக்கானோர் வெறுங்காலுடன் இரவெல்லாம் நடக்கும் பாதையில் சைரன் சத்தம் முதலில் வரும், வண்டி பின்னால்தான் வரும்.

2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் 108 சேவை தொடங்கியது. தீபத்துக்குப் பாதையோரம் ஆம்புலன்ஸ்களையும், நெரிசலில் நுழைந்து போக இருசக்கர ஆம்புலன்ஸ்களையும் நிறுத்துகிறார்கள். நல்ல ஏற்பாடு. இருந்தாலும் கூட்டம் கூட்டம்தான்.

ஒரு காட்சியைக் கற்பனை செய்வோம். பாதையோர லிங்கங்களில் ஒன்றான வருண லிங்கத்துக்கும் அடி அண்ணாமலையார் கோயிலுக்கும் இடையில், நடந்துகொண்டிருந்த அறுபது வயதுக்காரர் ஒருவர் சட்டென்று சரிந்து விழுகிறார். கூப்பிட்டால் பதில் இல்லை. ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளிக்கிறார். வலிப்பு என்று நினைத்து இன்னொருவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறார். "காத்து வரட்டும், நகருங்க" என்று ஒரு அம்மா கத்துகிறார். விழுந்தவர் வாய் திறந்து, விட்டுவிட்டு ஒரு இழுப்பு இழுக்கிறார். "மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு" என்கிறார்கள். அது மூச்சில்லை. இதயம் நின்ற பிறகும் சிறிது நேரம் மூளையின் அடித்தண்டு தூண்டிவிடும் வெற்று இழுப்பு. அதை மூச்சென்று நம்பிக் காத்திருக்கும் நேரம் முழுவதும் வீண்.

அடைப்பு வேறு, நிற்பது வேறு

மாரடைப்பு என்றால் இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுவது. அந்த நோயாளி பெரும்பாலும் பேசிக்கொண்டிருப்பார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வியர்த்திருப்பார். இங்கே நாம் பேசுவது கார்டியாக் அரெஸ்ட், அதாவது இதயம் ரத்தத்தைத் தள்ளுவதையே நிறுத்திவிடும் நிலை. மாரடைப்பு இதில் கொண்டுபோய் விடலாம். இரண்டும் ஒன்றல்ல.

பல நேரங்களில் இது இதயத்தின் கீழறைகள் ஒழுங்காகச் சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்குவதில் தொடங்குகிறது. இதைக் கீழறை நடுக்கம் என்போம். நடுங்கும் இதயத்தால் ஒரு சொட்டு ரத்தத்தையும் மூளைக்கு அனுப்ப முடியாது. செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது சி.பி.ஆர்.: மார்பின் நடுவே இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டராவது இறங்கும்படி அழுத்துவது. இதயம் செய்யாத வேலையைக் கை ஓரளவு செய்கிறது. இரண்டாவது, நடுக்கத்தை நிறுத்தும் மின்னதிர்ச்சி. மூன்றாவது, பயிற்சி பெற்றவர்கள் தரும் மருந்து, சுவாசக் குழாய் முதலிய மேல்நிலைச் சிகிச்சை.

புள்ளிகளுக்கு நடுவே ஒரு கோடு

இனி கணக்கு. ஆயிரக்கணக்கான நோயாளிகளின் பதிவேடு கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவருக்கும் உதவி எத்தனை நிமிடத்தில் கிடைத்தது, அவர் பிழைத்தாரா என்ற இரண்டு தகவல்கள். வரைபடத் தாளின் கீழ்க்கோட்டில் நிமிடங்களைக் குறிக்கிறோம். பிழைத்தவருக்கு மேலே ஒரு புள்ளி, இறந்தவருக்கு அடியில் ஒரு புள்ளி. அரை உயிராக யாரும் வீடு திரும்புவதில்லை என்பதால் நடுவில் புள்ளியே விழாது. மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை. பார்த்தால் ஒன்றும் புரியாது.

உற்றுப் பார்த்தால் ஒன்று தெரியும். இடப்பக்கத்தில், குறைந்த நிமிடங்களில், மேல்வரிசை நெருக்கமாக இருக்கும். வலப்பக்கம் போகப் போக மேல்வரிசை கலைந்து கீழ்வரிசை அடர்ந்துவிடும். இந்த மாற்றத்தை ஒரே நேர்கோட்டில் சொல்லிவிட முடியுமா? கொத்தனார் மேடுபள்ளமான கற்களுக்கு நடுவே நூல் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். எந்தக் கல்லும் நூலில் சரியாகப் பொருந்தாது, ஆனாலும் சுவரின் போக்கை நூல் காட்டிவிடும். புள்ளியியலில் நூல் பிடிக்க ஒரு விதி இருக்கிறது. ஒவ்வொரு புள்ளியும் கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளந்து, அந்த விலகலை அதனாலேயே பெருக்கி, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். அந்தக் கூட்டுத்தொகை எந்தக் கோட்டுக்கு மிகக் குறைவோ அதுதான் நமக்கு வேண்டிய கோடு. இதை மீச்சிறு வர்க்க முறை என்பார்கள். பிரான்சின் லெஜாந்தர் 1805இல் வால்விண்மீன்களின் பாதையைக் கணிக்க வெளியிட்ட உத்தி இது. இப்படிக் கோடு பொருத்தி, ஒன்று மாறினால் மற்றொன்று சராசரியாக எவ்வளவு மாறும் என்று காண்பதை நேர்கோட்டுத் தொடர்புப் போக்கு என்று நம் பள்ளிப் பாடநூல்கள் அழைக்கின்றன.

கோட்டில் நமக்கு வேண்டியவை இரண்டு. தொடங்கும் உயரம்: ஒரு நொடியும் தாமதிக்காமல் எல்லாம் கிடைத்தால் நூறு பேரில் எத்தனை பேர் பிழைப்பார்கள்? அடுத்தது சரிவு: ஒரு நிமிடம் தாமதித்தால் அந்த நூறில் எத்தனை பேர் குறைவார்கள்? துக்க வீட்டுக் கேள்வியின் விடை இந்தச் சரிவில் இருக்கிறது.

கிங் கவுண்டியின் கோடு

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சியாட்டில் நகரத்தை உள்ளடக்கிய மாவட்டம் கிங் கவுண்டி. அங்கே மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றுபோன நோயாளிகளை 1976 முதல் தொடர்ந்து பதிந்து வந்தார்கள். மேரி லார்சன், மிக்கி ஐசன்பெர்க் உள்ளிட்ட குழுவினர் அந்தப் பதிவிலிருந்து, இதய நோயால் கீழறை நடுக்கத்தில் விழுந்த 1,667 பேரை எடுத்துக்கொண்டு 1993இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் பொருத்தியது ஒரு நேர்கோட்டுத் தொடர்புப் போக்கு. ஆனால் ஒரு கடிகாரத்துக்குப் பதில் மூன்று கடிகாரங்களை வைத்தார்கள்.

சி.பி.ஆர்., மின்னதிர்ச்சி, மேல்நிலைச் சிகிச்சை மூன்றும் விழுந்த அந்த நொடியிலேயே கிடைத்தால் நூற்றுக்கு 67 பேர் பிழைப்பார்கள். சி.பி.ஆர். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் 2.3 குறையும். மின்னதிர்ச்சி தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் 1.1 குறையும். மேல்நிலைச் சிகிச்சை தாமதித்தால் நிமிடத்துக்கு 2.1. மூன்றும் சேர்ந்து தாமதித்தால் நிமிடத்துக்கு 5.5. யாரும் எதுவும் செய்யாமல் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் நூறில் ஐந்தரைப் பேரைக் கொண்டுபோகிறது.

எல்லாம் உடனே கிடைத்தாலும் 33 பேர் இறந்துவிடுகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். எவ்வளவு வேகமாக வந்தாலும் சிலரைக் காப்பாற்ற முடியாது. வண்டி ஓட்டி வந்தவர்களைத் திட்டித் தீர்ப்பதற்கு முன் நாம் அறிந்திருக்க வேண்டிய எண் இது.

மூன்று கடிகாரங்களை எப்படிப் பிரித்தார்கள்? ஆம்புலன்ஸ் தாமதமானால் மூன்றும்தானே தாமதமாகும், எது எவ்வளவு கெடுத்தது என்று எப்படித் தெரியும்? வண்டி மட்டுமே சிகிச்சை கொண்டுவரும் ஊரில் தெரியவே தெரியாது. சியாட்டில் வட்டாரத்தில் 1970கள் முதலே பொதுமக்களுக்கு சி.பி.ஆர். பயிற்சி கொடுத்து வந்தார்கள். அதனால் வண்டி பத்து நிமிடத்தில் வந்த இரண்டு நோயாளிகளில் ஒருவருக்கு அடுத்த வீட்டுக்காரர் இரண்டாம் நிமிடமே நெஞ்சை அழுத்தத் தொடங்கியிருப்பார், மற்றவருக்கு யாருமே செய்திருக்க மாட்டார்கள். மற்ற இரண்டு கடிகாரங்களும் ஒன்றாக ஓட, ஒன்று மட்டும் வேறுபடும் இத்தகைய இணைகள் நிறையக் கிடைக்கும்போதுதான் ஒவ்வொரு கடிகாரத்தின் சரிவையும் தனியே பிரிக்க முடியும். முன்பின் தெரியாதவருக்காக முழங்காலிட்ட பொதுமக்களின் கைகள் இல்லையென்றால் இந்தக் கணக்கே இல்லை.

அடி அண்ணாமலையில் போட்டுப் பார்ப்போம்

நம் அறுபது வயதுக்காரரிடம் வருவோம். கிங் கவுண்டியின் கோடு அடி அண்ணாமலைக்கும் பொருந்தும் என்று இப்போதைக்கு ஏற்றுக்கொள்வோம்.

யாரும் நெஞ்சை அழுத்தவில்லை. வண்டி வந்து பத்தாம் நிமிடம் சி.பி.ஆர். தொடங்குகிறது, பதினொன்றாம் நிமிடம் மின்னதிர்ச்சி, பதினான்காம் நிமிடம் மருந்து. பத்து நிமிடத்துக்கு 2.3 வீதம் 23 போகிறது. பதினொன்றுக்கு 1.1 வீதம் 12.1. பதினான்குக்கு 2.1 வீதம் 29.4. மொத்தம் 64.5. அதை 67இலிருந்து கழித்தால் மிஞ்சுவது இரண்டரை. இந்த நிலையில் விழும் நாற்பது பேரில் ஒருவர் பிழைப்பார்.

இப்போது நிர்வாகம் பாடுபட்டு வண்டியை மூன்று நிமிடம் முன்னதாக வரவைக்கிறது. தீப நெரிசலில் மூன்று நிமிடம் என்பது சாதாரண சாதனை இல்லை. கூடுதல் வண்டி, கூடுதல் ஓட்டுநர், தடுப்புக்கட்டை, காவலர் எல்லாம் வேண்டும். மூன்று கடிகாரங்களும் மும்மூன்று நிமிடம் குறைகின்றன. மூன்று நிமிடத்துக்கு 5.5 வீதம் 16.5 கூடி, பிழைப்பவர்கள் நூற்றுக்கு 19 ஆகிறார்கள்.

மூன்றாவது கணக்கு. வண்டி பழையபடியே வருகிறது, ஒரு நொடிகூட முந்தவில்லை. ஆனால் கூட்டத்தில் நடந்த ஒரு கல்லூரி மாணவி இரண்டாம் நிமிடமே மண்டியிட்டு நெஞ்சை அழுத்தத் தொடங்கிவிடுகிறாள். சி.பி.ஆர். கடிகாரம் பத்திலிருந்து இரண்டுக்கு இறங்குகிறது. எட்டு நிமிடத்துக்கு 2.3 வீதம் 18.4. பிழைப்பவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 21. வண்டியை மூன்று நிமிடம் முந்த வைத்ததைவிட இது அதிகம்.

அதோடு, பாதையோர மருத்துவ முகாமில் ஏ.இ.டி. எனப்படும் தானியங்கி மின்னதிர்ச்சிக் கருவி ஒன்று இருந்து, நான்காம் நிமிடம் அதைப் பொருத்திவிட்டார்கள் என்றால் இன்னும் 7.7 சேர்ந்து 28.6. இரண்டரையில் தொடங்கியவர்கள் வண்டியின் வேகத்தைத் தொடாமலேயே பதினொரு மடங்குக்கு வந்துவிட்டோம்.

ஆம்புலன்ஸ் சீக்கிரம் வருவதால் பயனில்லை என்று இதற்குப் பொருளில்லை. மேல்நிலைச் சிகிச்சைக்கான 2.1 அப்படியே நிற்கிறது, அதை வண்டியால் மட்டுமே குறைக்க முடியும். ஆனால் "அஞ்சு நிமிஷம் முன்னாடி வந்திருந்தா" என்னும்போது நாம் பார்த்துக்கொண்டிருப்பது வண்டியின் கடிகாரத்தை மட்டுமே. மிகச் செங்குத்தான சரிவு, விழுந்தவரைச் சுற்றி நின்றவர்களின் கடிகாரத்தில் இருந்தது.

கோடு உடையும் இடம்

மூன்றும் ஒன்றாகத் தாமதிக்கும் கோட்டை நீட்டிக்கொண்டே போங்கள். பன்னிரண்டு நிமிடத்தைத் தாண்டியதும் அது பூஜ்யத்தைத் தொட்டுவிடும். பதினைந்தாம் நிமிடத்தில் நூற்றுக்கு மைனஸ் பதினைந்தரைப் பேர் பிழைப்பார்கள் என்று சொல்லும். அப்படி ஒன்று உலகில் இல்லை. நேர்கோட்டுக்கு உயிரைப் பற்றியோ சாவைப் பற்றியோ எதுவும் தெரியாது, கொடுத்த சரிவில் போய்க்கொண்டே இருக்கும். புள்ளிகள் அடர்ந்த நடுப்பகுதியில் அதை நம்பலாம், ஓரங்களில் கூடாது.

இதற்கு மாற்றாக, பூஜ்யத்துக்குக் கீழும் நூறுக்கு மேலும் போகாமல் இரு முனைகளிலும் தட்டையாகிவிடும் எஸ் வடிவ வளைகோட்டைப் பொருத்துகிறார்கள். கிங் கவுண்டித் தரவோடு அரிசோனாவின் டூசான் நகரத் தரவையும் சேர்த்து டெரன்ஸ் வாலன்சுவேலா குழுவினர் 1997இல் செய்தது இதுதான். வளைகோடு இன்னொன்றையும் சொல்கிறது: எல்லா நிமிடங்களும் சமமில்லை. இருபதாம் நிமிடத்தைப் பத்தொன்பதாக்கினால் கிடைப்பது சொற்பம். ஆறை ஐந்தாக்கினால் கிடைப்பது அதிகம்.

அதே வாலன்சுவேலாவும் சகாக்களும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு கிங் கவுண்டியின் கோட்டுக்கு ஒரு நேரடிச் சோதனை போல அமைந்துவிட்டது. சூதாட்ட விடுதிகளின் காவலாளிகளுக்கு ஏ.இ.டி. கருவியும் பயிற்சியும் கொடுத்தார்கள். அங்கே மூலைக்கு மூலை கேமரா இருப்பதால் விழுந்த நேரம் கச்சிதமாகத் தெரியும், யாருடைய ஞாபகத்தையும் நம்ப வேண்டியதில்லை. பிறர் பார்க்க விழுந்தவர்களுக்குச் சராசரியாக 4.4 நிமிடத்தில் மின்னதிர்ச்சி கிடைத்தது. மருத்துவ உதவியாளர்கள் வர 9.8 நிமிடம் ஆனது. கீழறை நடுக்கத்தில் விழுந்த 105 பேரில் 53 விழுக்காட்டினர் பிழைத்து வீடு திரும்பினார்கள். மூன்று நிமிடத்துக்குள் மின்னதிர்ச்சி பெற்றவர்களில் 74 விழுக்காடு!

இந்த நேரங்களைக் கிங் கவுண்டியின் கோட்டில் போட்டுப் பாருங்கள். சி.பி.ஆர். விழுந்த நொடியே தொடங்கியது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் கோடு சொல்வது 42க்கும் கீழேதான். நடந்தது 53. மின்னதிர்ச்சிக்குக் கோடு கொடுத்த 1.1 மிகக் குறைவோ என்று எனக்குத் தோன்றுகிறது, முதல் சில நிமிடங்களுக்கேனும். அப்படியானால் அடி அண்ணாமலை முகாமில் ஏ.இ.டி. வைப்பதன் பயன் மேலே போட்ட கணக்கைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

வேகமாக வந்த வண்டியில் ஏன் அதிக மரணம்?

இன்னொரு பொறி இருக்கிறது, பலரும் விழும் பொறி. ஒரு மாவட்டத்தின் எல்லா ஆம்புலன்ஸ் அழைப்புகளையும் எடுத்து, வண்டி வந்த நேரத்துக்கும் நோயாளி பிழைத்ததற்கும் கோடு போட்டால், சீக்கிரம் வந்த வண்டிகளில்தான் இறப்பு அதிகம் என்று காட்டக்கூடும். வண்டி வேகமாக வந்ததால் இறந்தார்களா? மூச்சுப் பேச்சில்லை என்ற அழைப்புக்கு மிக அருகில் இருக்கும் வண்டி பறக்கும். கால் சுளுக்கியவர் காத்திருப்பார். வேகமும் இறப்பும் சேர்ந்து வருவதற்குக் காரணம், இரண்டையும் பின்னாலிருந்து தீர்மானிக்கும் நோயின் கடுமை. லார்சன் குழுவினர் ஒரே வகை நோயாளிகளை மட்டும் எடுத்துக்கொண்டதன் அருமை இங்கேதான் விளங்கும். விபத்தில் ரத்தம் இழப்பவருக்கோ மாரடைப்பில் நெஞ்சைப் பிடித்திருப்பவருக்கோ அவர்கள் கண்ட 5.5 பொருந்தாது. அத்தகைய நோயாளிகளுக்குச் சரிவு வேறு.

கிரிவலக்காரர்களுக்கே சரிவு வேறாக இருக்கலாம். 14 கிலோமீட்டர் நடக்கத் துணிந்தவர்கள் வீட்டில் படுத்திருப்பவர்களைவிடத் திடமானவர்கள். மறுபக்கம், வெறும் வயிறு, தூக்கமின்மை, வேளை தவறிய மாத்திரை. எந்தப் பக்கம் எடை கூடும் என்பதை இங்கே விழுந்தவர்களின் பதிவு இருந்தால்தான் சொல்ல முடியும்.

நமக்கான கோட்டுக்கு என்ன வேண்டும்

108இன் கடிகாரம் அழைப்பு வந்த நொடியில் தொடங்குகிறது. தண்ணீர் தெளித்து, சாவிக்கொத்து கொடுத்து, "நீ பண்ணு, நான் பண்றேன்" என்று போனைத் தேடி, இடம் எது என்று கேட்டதும் லிங்கத்தின் பெயர் ஞாபகம் வராமல் திணறிய நேரமெல்லாம் அந்தக் கடிகாரத்துக்கு வெளியே போய்விடுகிறது. சரிவு மிகச் செங்குத்தாக இருப்பது அந்த நேரத்தில்தான். தீபத்தன்று கூட்டத்தைக் கண்காணிக்கக் காவல்துறை பாதையில் கேமராக்கள் வைக்கிறது. சூதாட்ட விடுதியில் செய்ததை இங்கேயும் செய்ய முடியும்: விழுந்த நேரத்தைப் பதிவிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

தேவையானவை ஐந்தே கட்டங்கள். விழுந்த நேரம், முதல் கை நெஞ்சில் பட்ட நேரம், மின்னதிர்ச்சி கொடுத்த நேரம், மருத்துவ உதவியாளர் வந்த நேரம், மருத்துவமனையிலிருந்து உயிரோடு வீடு திரும்பினாரா என்பது. கடைசிக் கட்டம்தான் கடினம். வண்டியின் வேலை மருத்துவமனை வாசலோடு முடிந்துவிடும், அதற்குப் பிறகு அந்த நோயாளியின் கதை வேறொரு பதிவேட்டில் ஓடும். இரண்டையும் ஒரே எண்ணால் இணைக்க ஒருவர் உட்கார வேண்டும்.

கிங் கவுண்டிக்கு 1,667 பேர் சேரப் பல ஆண்டுகள் ஆயின. அடி அண்ணாமலைப் பாதையில் மட்டும் அவ்வளவு பேர் சேரக் காத்திருக்க முடியாது, காத்திருக்கவும் வேண்டாம். தைப்பூசத்துக்குப் பழனி, சூரசம்ஹாரத்துக்குத் திருச்செந்தூர், செப்டம்பரில் வேளாங்கண்ணி என்று வெறுங்காலோடு நடக்கும் கூட்டம் நமக்கு எங்கும் உண்டு. பம்பையிலிருந்து சபரிமலை ஏறும் பாதையில் கேரள சுகாதாரத் துறை ஏற்கெனவே அவசர சிகிச்சை மையங்களை நடத்தி வருகிறது. எல்லா இடத்திலும் அதே படிவம், அதே ஐந்து கட்டங்கள் என்றால் சில ஆண்டுகளில் நம் சரிவு நமக்குத் தெரிந்துவிடும். யாரும் கைவைக்காமல் கிடந்து இறந்தவர்களையும் அந்தப் படிவத்தில் விடாமல் எழுத வேண்டும். பிழைத்தவர்களின் நேரங்களை மட்டும் வைத்துக்கொண்டு கோட்டின் கீழ்முனையைப் போட முடியாது.